டெக்கைக் கிலோவுக்குப் போடும் கனவான்களுக்கு...

டிஸ்கி: கொஞ்சம் காரமான பதிவு. போன தீபாவளிக்கு ஒட்டடை அடிக்கும்போது பரணில் இருந்த பழைய டேப் ரிக்கார்டரை எடைக்குப் போட்டவர்கள் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு உட்காரவும் :-)

மக்களே, என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓடாத கேசட் டெக்கைக் காயலான் கடையில் எடைக்குப் போடுவது ஊதாரித்தனம். கைக்கு வருவது நூறோ இருநூறோ. கையை விட்டுப் போவது, இனிமேல் யாரும் தயாரிக்கப் போகாத பத்துப் பதினைந்து உதிரி பாகங்கள். அவை போனால், நம் வீட்டு பீரோக்களில் தூங்கும் கேசட்டுகளைக் கேட்க வழியில்லாமல் போகும். "கேட்காட்டி என்ன குடியா முழுகிடும்?" என்று கேட்பவர்களுக்குக் கீழே தனியாக பதில் வைத்திருக்கிறேன்.

டெக் என்றதும் சிலருக்குக் குழப்பம் வரலாம். நம்ம பக்கம் "டெக்கு" என்றால் கல்யாண வீட்டிலும் திருவிழாவிலும் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூணு படம் ஓட்டிய வீடியோ டெக்கு. நான் பேசுவது ஆடியோ கேசட் போடும் டெக் பற்றி. டூ இன் ஒன், டேப் ரிக்கார்டர் எல்லாவற்றையும் இதில் சேர்த்துக் கொள்கிறேன். உள்ளே நடக்கும் வேலை ஒன்றுதான்.

தாம்பரம், சேலையூர், செம்பாக்கம், குரோம்பேட்டை பக்கம் எத்தனை பரண்களில் இது இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ரயில்வே, ஏர்ஃபோர்ஸ், பேங்க் என்று வேலை பார்த்து ரிடையர் ஆனவர்கள் வீடு கட்டிக் குடியேறிய ஏரியா இது. 80களில் அவர்கள் வாங்கிய பிபிஎல் சான்யோ, பிலிப்ஸ், காஸ்மிக், சோனோடைன்... மாமா துபாயிலிருந்து கொண்டு வந்த சோனி, ஐவா... பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிய நேஷனல் பானசோனிக்... எல்லாம் அட்டைப்பெட்டியில், மேலே ஒரு பழைய போர்வை மூடி அப்படியே கிடக்கிறது. இப்போது அந்தத் தனி வீடுகள் ஒவ்வொன்றாக ஃப்ளாட் ஆகின்றன. வீட்டை இடிக்கும் முன் பரண் காலியாகிறது. டெக் நேராகக் காயலான் கடைக்குப் போகிறது.

இதைச் சொன்னால் நம்ம கிளாஸில் உடனே வரும் பதில்: "மச்சி, எல்லாம் யூடியூப்ல இருக்குடா."

இருக்கு. இளையராஜா பாட்டு இருக்கு. "விதி" பட வசனம் இருக்கு. சினிமா பாட்டு கேட்க யாரும் டெக்கைப் பிடித்துத் தொங்க வேண்டாம், ஒத்துக் கொள்கிறேன். ஆனால் கேசட் என்ற சாமானின் விசேஷமே அதில் இருந்த சிவப்பு பட்டன் தான். 1963ல் பிலிப்ஸ் அதை வெளியிடும் வரைக்கும், சொந்தக் குரலைப் பதிவு செய்வது நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு எட்டாத விஷயம். அதன்பின் தமிழ்நாட்டில் யார் யாரோ எதை எதையோ பதிவு செய்தார்கள். வளைகுடாவில் இருந்தவர் கடிதத்துக்குப் பதில் கேசட் பேசி அனுப்பினார். கோயில் திருவிழாவில் நாதஸ்வரம் வாசித்ததை யாரோ ஒரு பக்தர் முன்வரிசையில் உட்கார்ந்து பிடித்தார். கட்சிக் கூட்டத்துப் பேச்சு, தெருக்கூத்து, கதாகாலட்சேபம். பாளையங்கோட்டை சவேரியார் கல்லூரி மாதிரி நாட்டார் வழக்காற்றியல் படிக்கும் இடங்களில் மாணவர்கள் கிராமம் கிராமமாகப் போய்ப் பாட்டும் கதையும் கேட்ட காலத்தில் கையில் இருந்ததும் இதே டேப் தான். இவற்றில் பலவற்றுக்கு உலகத்தில் ஒரே ஒரு பிரதி. அதை யூடியூபில் யார் ஏற்றியிருப்பார்கள்?

எங்க வீட்டிலேயே ஒரு சி-60 இருக்கிறது. அப்பாவைப் பெத்த ஆத்தா நடவுப் பாட்டு பாடுகிறது. நடுவில் கோழி கத்தும். யாரோ "அந்த சொம்பை எடுத்து உள்ள வை" என்பார்கள். ஆத்தா செத்தபோது நான் பிறக்கவே இல்லை. அந்தக் குரல் எனக்குத் தெரியும் என்றால் அந்த ஒரு கேசட்டால் தான். அதை ஓட்டிய டெக்கில் இருக்கும் ஹெட்டும் மோட்டாரும் வேறொரு செத்த செட்டிலிருந்து கழற்றியவை. அந்த செத்த செட்டை அதன் சொந்தக்காரர் எடைக்குப் போட்டிருந்தால் ஆத்தாவுக்குக் குரல் கிடையாது. அவ்வளவுதான் கணக்கு.

இது ஏதோ நான் ஒருத்தன் புலம்புவது என்று நினைக்க வேண்டாம். 2015லேயே ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட ஒலி ஆவணக் காப்பகம், 2025க்குள் டிஜிட்டலுக்கு மாற்றாத காந்த நாடாக்களில் பெரும்பாலானவை போய்விடும் என்று எச்சரித்தது. 2019ல் யுனெஸ்கோவும் ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேச சங்கமும் சேர்ந்து இதற்கென்றே உலகம் முழுக்க ஒரு கணக்கெடுப்பு தொடங்கின. அவர்கள் சொன்னதில் முக்கியமான விஷயம்: டேப் கெட்டுப் போவதைவிட, டேப்பை ஓட்டும் மிஷினும் அதன் ஸ்பேரும் கிடைக்காமல் போவது பெரிய ஆபத்து. நல்ல இடத்தில் வைத்த கேசட் 40 வருஷம் கழித்தும் பாடும். நம்ம சென்னைப் புழுக்கத்தில் பூஞ்சை பிடிக்கும், துடைத்தால் பாதிக்கு மேல் தேறும். மிஷின் இல்லாவிட்டால் துடைத்து என்ன செய்ய?

"புதுசு வாங்கிக்கலாமே?" என்று அடுத்த கேள்வி. வாங்கலாம். ஆனால் இன்று ஆன்லைனில் கிடைக்கும் மலிவு பிளேயர்களைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே கிட்டத்தட்ட ஒரே மெக்கானிசம் இருக்கும். ஜப்பானின் தனாஷின் என்ற நிறுவனம் ஒரு காலத்தில் மலிவு செட்டுகளுக்காகச் செய்ததை அப்படியே நகலெடுத்த சீனச் சரக்கு. ஃப்ளைவீல் எடையே இருக்காது, பாட்டு ஆடும். கொஞ்சம் மெனக்கெட்டு ஃபியோ போன்றவர்கள் 2024ல் கொண்டு வந்தது நல்ல பிளேயர் தான், ஆனால் அது வாக்மேன் ரகம். பழைய நடுத்தர டெக் ஒன்றில் இருந்த தரம்கூட இன்றைய மலிவுச் சரக்கில் வரவில்லை. ஆகவே நல்ல டெக் வேண்டுமென்றால் பழசைத்தான் ஓட வைக்க வேண்டும். பழசை ஓட வைக்க ஸ்பேர் வேண்டும். ஸ்பேர் இருப்பது இன்னொரு பழசில்.

இப்போது கொஞ்சம் ஸ்க்ரூ டிரைவர் சமாச்சாரம். எலக்ட்ரானிக்ஸ் அலர்ஜி உள்ளவர்கள் நாலு பத்தி தாண்டிப் போகலாம்.

செத்த டெக்கில் எதை எடுக்கக் கூடாது என்று முதலில் சொல்கிறேன். ரப்பர் எதையும் எடுக்காதீர்கள். பெல்ட் 30 வருஷத்தில் ஒன்று தளர்ந்து தொங்கும், இல்லை தார் மாதிரி உருகிக் கையில் ஒட்டும். ஐட்லர் ரப்பரும் அப்படியே. அதெல்லாம் புதிதாகவே கிடைக்கிறது, ரிச்சி தெருவில் அளவு சொல்லிக் கேட்டால் தேடித் தருவார்கள். பிஞ்ச் ரோலர் இறுகிப் பளபளவென்று ஆகியிருந்தால் அதுவும் வேண்டாம். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களைப் பழசிலிருந்து எடுத்துப் போடுவது, செத்தவன் கண்ணாடியை எடுத்து மாட்டிக் கொள்வது மாதிரி. புதுசு சில ரூபாய்தான்.

எடுக்க வேண்டியதில் முதல் மரியாதை ஹெட்டுக்கு. முகத்தில் நகத்தை வைத்து மெல்லத் தடவிப் பாருங்கள். டேப் ஓடிய பள்ளம் நகத்தில் தட்டினால் அது தேய்ந்த ஹெட். வழவழவென்று இருந்தால் மல்டிமீட்டரில் இரண்டு சேனலும் கிட்டத்தட்ட ஒரே ஓம்ஸ் காட்டுகிறதா என்று பார்க்கணும். (மீட்டர் வைத்தால் ஹெட் லேசாகக் காந்தமாகும், டெக்கில் மாட்டியதும் டீமேக்னடைஸ் செய்துவிடுங்கள்.) கழற்றும்போது ஹெட்டை மட்டும் பிடுங்காமல் அதன் பிராக்கெட், ஸ்பிரிங், ஸ்க்ரூ எல்லாவற்றோடும் சேர்த்து எடுங்கள். காரணம் உண்டு. கேசட் டேப் ஓடுவது நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். அந்த வேகத்தில் 10 கிலோ ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றின் அலை டேப்பில் பிடிக்கும் இடம் 4.76 மைக்ரான். தலைமுடியைவிடப் பல மடங்கு சின்னது. ஹெட் ஒரு பொட்டு சாய்ந்தாலும் ஜால்ராவும் வீணைக் கம்பியின் மினுமினுப்பும் காணாமல் போய், பாட்டு போர்வைக்குள்ளிருந்து கேட்கும். அந்தச் சாய்மானத்தைச் சரி செய்யத்தான் அந்த ஸ்பிரிங்கும் ஸ்க்ரூவும்.

அடுத்து மோட்டார். லேபிளில் வோல்டேஜ், சுற்றும் திசை, 2400 என்று வேகம் எல்லாம் எழுதியிருக்கும். திசை மாறினால் உதவாது. பின்னால் சின்ன ஓட்டைக்குள் ஒரு பிரிசெட், அதைத் திருப்பி வேகத்தைக் கூட்டலாம் குறைக்கலாம். வேகம் 6 சதவீதம் தப்பினால் சுருதி அரைக்கட்டை மாறிவிடும், ஒரு கட்டை ஒன்றரைக் கட்டையாகி மதுரை சோமு வேறு யாரோ மாதிரி ஒலிப்பார். கேப்ஸ்டன், ஃப்ளைவீல், பேரிங் மூன்றையும் பிரிக்காமல் ஒரே குடும்பமாக எடுக்கணும். சேர்ந்தே தேய்ந்தவை. பிறகு ரெக்கார்ட் பிளே ஸ்விட்ச் என்று போர்டில் நீளமாக ஒன்று இருக்கும். அதே அளவில், அதே கால்களோடு புதுசு தேடிக் கிடைப்பது குதிரைக்கொம்பு. பயஸ் ஆசிலேட்டர் காயில், டால்பி ஐசி, விஇயு மீட்டர், கதவு ஸ்பிரிங், நாப்... எல்லாம் தனித்தனி கவரில், எந்த மாடலிலிருந்து எடுத்தது என்று எழுதி. எழுதாத ஸ்பேரும் குப்பையும் ஒன்று.

கியர்கள். இதற்கு நம்ம பசங்க "3டி பிரிண்ட் பண்ணிக்கலாம்ல" என்பார்கள். பண்ணலாம்தான், சில கியர்களுக்கு ரெசின் பிரிண்ட் ஓரளவு தாங்குகிறது. ஆனால் எதைப் பார்த்து வரைவாய்? பல் எத்தனை, விட்டம் எவ்வளவு, கேம் எந்த இடத்தில் மேடு? அளவெடுக்க அசல் வேண்டும். ஆகவே உடைந்த கியரைக்கூடத் தூக்கிப் போடாதே என்பேன். (செட்டைப் பிரிக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெரிய கெபாசிட்டர் இறங்கும்வரை காத்திருங்கள். 230 வோல்ட்டிடம் வீரம் காட்ட வேண்டாம்.)

எலக்ட்ரானிக்ஸ் அலர்ஜிக்காரர்கள் இப்போது திரும்ப வரலாம்.

இவ்வளவும் ஒரு டெக்கில் இருக்கிறது. எடைக்கடையில் இதற்கு என்ன மரியாதை? டிரான்ஸ்ஃபார்மரில் தாமிரம், அடிப்பெட்டியில் இரும்பு, மீதி குப்பை. எடைக்கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் தொழில் எடை. நாம் எடைக்குக் கொடுத்தால் அவர் எடையாகத்தான் பார்ப்பார். அவருக்கு மேலே இருக்கும் சட்டமும் அதே கண்ணாடியைத்தான் போட்டிருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 2022ஆம் வருஷத்து மின்னணுக் கழிவு விதிகளில், மறுசுழற்சி ஆலைக்குக் கிடைக்கும் சான்றிதழ் தங்கம், தாமிரம், அலுமினியம், இரும்பு எவ்வளவு மீட்டார்கள் என்ற கணக்கில் வருகிறது. பழையதைப் புதுப்பிக்கும் பதிவு பெற்ற நிறுவனங்களுக்குத் தனியாக ஒரு வழி வைத்திருக்கிறார்கள், நல்லது. ஆனால் மேற்குத் தாம்பரம் மார்க்கெட் சந்தில் ஆறுக்கு ஆறு கடையில் உட்கார்ந்து, ஒரு செட்டின் ஹெட்டைக் கழற்றி இன்னொரு செட்டுக்கு உயிர் கொடுக்கும் அண்ணன் அந்தக் கணக்கில் எங்கே வருகிறார்? உருக்கினால் மார்க், உயிர் கொடுத்தால் பூஜ்யம். 2022ல் மத்திய அரசு "ரைட் டு ரிப்பேர்" என்று கமிட்டி போட்டது, அந்த டிசம்பரில் ஒரு போர்ட்டலும் திறந்தது. ஸ்பேர் தரவேண்டியது கம்பெனியின் கடமை என்கிறது அந்தப் பேச்சு. டெக் செய்வதையே எப்போதோ நிறுத்திவிட்ட கம்பெனியிடம் எந்தக் கடமையைக் கேட்பது? நமக்கு இருக்கும் ஒரே கம்பெனி குடோன், செத்த செட்டுகள் தான்.

2015 டிசம்பர் நம்ம பக்கம் யாருக்கும் மறக்காது. ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் முதல் மாடி வரை தண்ணீர். வடிந்த பிறகு தெரு ஓரத்தில் சோபா, மெத்தை, டிவி, டேப் ரிக்கார்டர் எல்லாம் மலை மாதிரி கிடந்தது. நான் அப்போது சின்னப் பையன், எனக்கு அது வேடிக்கை. உயிர் பிழைத்தால் போதும் என்று இருந்தவர்களிடம் போய் ஹெட்டைக் கழற்றி வைத்தாயா என்று கேட்கிற அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. ஆனால் சேறு காயும் முன் நல்ல தண்ணீரில் அலசி உலர்த்தியிருந்தால் ஹெட், கியர், ஸ்பிரிங், நாப் எல்லாம் தேறியிருக்கும். கேசட்டுகள்கூட. டேப்பின் அடித்தளம் பாலியெஸ்டர், தண்ணீரில் கரையாது. அலசி, உலர்த்தி, வேறு கூட்டில் மாற்றிப் போட்டால் பாடும். இது தெரிந்த ஆள் தெருவுக்கு ஒருவர் இருந்திருந்தால் எத்தனை ஆத்தாக்களின் குரல் மிஞ்சியிருக்கும். அடுத்த வெள்ளத்துக்காவது தெரிந்து வைத்துக் கொள்வோம். (வராது என்று நம்புபவர்கள் முடிச்சூரில் மனை வாங்கலாம்.)

எடைக்குப் போடுபவர்களை மட்டும் திட்டிவிட்டுப் போனால் நியாயம் இல்லை. இன்னும் இரண்டு கோஷ்டி இருக்கிறது.

ஒன்று, "ரெட்ரோ" கோஷ்டி. நல்லா இருக்கும் டெக்கின் வயிற்றைக் கிழித்து மெக்கானிசத்தைக் குப்பையில் போட்டுவிட்டு, உள்ளே 200 ரூபாய் ப்ளூடூத் போர்டு வைத்து, முகப்பில் எல்ஈடி எரியவிட்டு, படம் எடுத்துப் போடுகிறார்கள். நூறு லைக். நம்ம கிளாஸிலேயே ஒருத்தன் இருக்கான், பேர் சொல்ல மாட்டேன், படித்துக் கொண்டுதான் இருப்பான் :-) டேய், கூடு வேண்டுமென்றால் கூட்டை எடுத்துக்கோ. மெக்கானிசத்தை ஒரு டப்பாவில் போட்டு யாருக்காவது கொடு. கூடு எங்களுக்கு வேண்டாம், குடல்தான் வேண்டும். இதில் இரண்டு பேருக்கும் சண்டையே இல்லை.

இன்னொன்று, நேர் எதிர் கோஷ்டி. கலெக்டர்கள். இவர்களுக்கு எந்த டெக்கையும் பிரிக்கக் கூடாது. "ஒரிஜினல் பீஸை உடைக்கிறியே பாவி" என்று கொலைக் குற்றம் சாட்டுவார்கள். ஆனால் அவர்கள் ஷெல்ஃபில் ஒரே மாடலில் நாலு செட் இருக்கும், நாலும் ஓடாது. நாலிலிருந்து இரண்டைக் காப்பாற்றலாம். மாட்டார்கள். ஓடாத டெக்கை அப்படியே வைத்திருப்பதும் எடைக்குப் போடுவதும் கேசட்டின் பார்வையில் ஒன்றுதான். ஓடக் கூடியதைப் பிரிக்காதே என்று சொல்லுங்கள், நானும் கூட நிற்கிறேன். பெல்ட் மாற்றினால் ஓடும் செட்டை சோம்பேறித்தனத்தால் உடைத்து ஹெட்டை மட்டும் விற்பவனை நானும் திட்டுவேன். நல்ல ஹெட்டை உருவிவிட்டுத் தேய்ந்ததை மாட்டி "ஒர்க்கிங் கண்டிஷன்" என்று தள்ளிவிட்ட மகானுபாவர் ஒருவரிடம் நானே 900 ரூபாய் மொய் எழுதியிருக்கிறேன். ஆனால் போர்டு எரிந்து, கேம் நொறுங்கி, அடிப்பெட்டி துருப்பிடித்துக் கிடப்பதை முழு உடம்பாக வைத்திருப்பதில் என்ன புனிதம்? கண் தானம் கேட்டால் கொடுக்கிற ஊர் இது.

சரி, ஆளுக்கு என்ன செய்வது? பரணில் இருப்பதை முதலில் ஒரு ரேடியோ மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பாதிக்குப் பாதி, பெல்ட் மாற்றி ஹெட்டை ஸ்பிரிட்டில் துடைத்தால் ஓடும். ஓடாது என்று அவரே கைவிரித்தால் "ஸ்பேருக்கு வச்சுக்கங்கண்ணே" என்று அவரிடமே விட்டுவிட்டு வாருங்கள். காசு கேட்டாலும் கேளுங்கள், எடைக்கடையைவிட அதிகம் தருவார். அதுவும் முடியாதென்றால் பல்லாவரம் சந்தை இருக்கவே இருக்கிறது. தாம்பரத்திலிருந்து மூணாவது ஸ்டேஷன், பழைய டிரங்க் ரோட்டில் வெள்ளிக்கிழமை தோறும். லவ் பேர்ட்ஸ் கூண்டுக்கும் செடித் தொட்டிக்கும் நடுவில் தார்ப்பாய் விரித்து ஆம்ப்ளிஃபயர், ரிமோட், மிக்ஸி ஜார் என்று கடை போட்டிருப்பார்கள். அவர்களிடம் முழு செட்டாகக் கொடுத்தால் முழு செட்டாக யாராவது வாங்குவார்கள். காலையில் சீக்கிரம் போகணும், பத்து மணிக்கு மேல் நல்ல சரக்கு மிஞ்சாது.

வெள்ளிக்கிழமை முதல் ஹவர் எனக்கு ஏன் அட்டெண்டன்ஸ் இல்லை என்று கேட்ட நண்பர்களுக்கு இப்போது புரிந்திருக்கும். வரும் வாரம் அகாய் மெக்கானிசம் ஒன்றுக்கு இடது ரீல் கியர் தேடிப் போகிறேன், கூட வருகிறவர்கள் வியாழன் ராத்திரிக்குள் சொல்லுங்கள். பிளையர், ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், சின்னக் கவர் ஒரு கட்டு கொண்டு வரவும்.